சாமியப்பனின் அந்தரத் தோட்டம்

ஆடி நோம்பிக்கு மாமியார் வீட்டு விருந்துக்குப் போன சாமியப்பன், இலையில் விழுந்த கோழிக்குழம்பை வாயில் வைக்காமல் எழுந்துவிட்டான். இது சாதாரண விஷயம் இல்லை. அவன் பந்தியில் பாதியில் எழுந்தது வாழ்க்கையிலேயே அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான். அன்றைக்குப் பந்தல் தீப்பிடித்துக்கொண்டது. அப்போதுகூடக் கோழிக்காலைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ஓடினான்.

இந்தத் தடவை தீப்பிடித்தது பந்தல் இல்லை, சாமியப்பன்.

பற்ற வைத்தவன் மச்சினன் அர்த்தநாரி. பொங்கலூரில் பன்னிரண்டு ஏக்கரா தோட்டம், இரண்டு கிணறு, வாய் ஒன்று. அந்த ஒரு வாய் இரண்டு கிணற்றுக்குச் சமம். அவனுக்குத் தை மாசம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவன் அப்பா சாகும்போது, 'கிணத்து மேட்டு ரெண்டு ஏக்கரா என் மகள் மாரக்காளுக்கு' என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். மாரக்காள் என்பவள் சாமியப்பனின் மனைவி. தம்பி கல்யாணத்தில் அக்காளுக்குச் சீராக அந்த நிலத்தைக் கொடுத்துவிடுவது என்று பேச்சு.

யார் பேருக்கு எழுதுவது என்பதில்தான் குழம்பு ஆறிப் போனது.

"மாப்ளே, அதை என்ற பேருக்கே எழுதிப்போடு. பொம்பளைக பேருக்கு எழுதினா ஆபீசுக்கும் ஊட்டுக்கும் நடந்தே செருப்புத் தேஞ்சுரும்" என்றான் சாமியப்பன்.

"எழுதிப்போடலாமுங்க மச்சான். மண்ணை வெச்சு என்னங்க பண்ணுவீங்க?"

"மண்ணை வெச்சு என்ன பண்ணுவாங்க? வெவசாயந்தான்."

"உங்கப்பாரு குண்டடத்துல குடுத்துட்டுப் போன அஞ்சு ஏக்கரா என்னாச்சுங்க?"

சாமியப்பன் சோற்றைப் பிசைந்தான்.

"நானே சொல்றனுங்க. அது நாலு பனியன் மிசினாச்சு. இதைக் குடுத்தா அஞ்சாவது மிசினாயிரும். பீர்க்கஞ்செடிக்கும் பாவக்கொடிக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுக்கு மண்ணு எதுக்குங்க மச்சான்?"

பந்தி முழுக்கச் சிரித்தது. எதிர்வரிசைக் கிழவர் ஒருவருக்குப் புரையேறிவிட்டது. சாமியப்பன் அந்தக் கிழவரின் முகத்தைக் குறித்து வைத்துக்கொண்டான். வாங்கின அடியை மறக்கலாம். வாங்கின பேச்சை மறப்பவன் மனுசனா? சாமியப்பன் மறக்கிற ஜாதியே இல்லை. மூன்றாம் வகுப்பில் தன் பலப்பத்தை உடைத்தவனின் கல்யாணத்துக்கு, இருபது வருஷம் கழித்துப் போய், வாழ்த்தாமல் சாப்பிட்டுவிட்டு வந்தவன்.

அவன் எழுந்தான். கையில் சோறு, கண்ணில் நெருப்பு.

"மண்ணு மண்ணுங்கறயே, மண்ணென்ன பெரிய மண்ணு? மண்ணே இல்லாம வெளைய வெச்சுக் காட்டறேன். காட்டிப்போட்டா?"

"காட்டிப்போட்டா ரெண்டு ஏக்கராவும் உங்க பேருக்குத்தானுங்க. இதா, அருமைக்காரரய்யா சாட்சி."

அருமைக்காரர் என்றால் எங்கள் பக்கம் கல்யாணம் நடத்தி வைக்கிற பெரியவர். அவர் அப்போதுதான் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். சாட்சி என்றதும் தலையாட்டினார்.

"காட்டற வரைக்கும் நானும் என்ற பொண்டாட்டியும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டோம்!"

மாரக்காள் ரசத்தோடு வந்து நின்றாள். அவளை யாரும் கேட்கவில்லை.

அருமைக்காரருக்குத்தான் முதலில் உறைத்தது. "மாப்ளே, அப்ப இணைச்சீரு?"

மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் கூறைச்சேலை உடுத்தி அவன் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிற சீர் அது. அது முடிந்தால்தான் தாலி. அர்த்தநாரிக்குக் கூடப்பிறந்தவள் மாரக்காள் ஒருத்திதான். அவள் வாசப்படி மிதிக்காவிட்டால் அவன் கல்யாணம் வாசலோடு நிற்கும்.

ஆனால் சாமியப்பன் அதற்குள் கையைக் கழுவிவிட்டான்.

திருப்பூர் பஸ்ஸில் மாரக்காள் கேட்டாள்: "ஏனுங்க, மண்ணில்லாம எப்புடீங்க வெளையும்?"

சாமியப்பன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். போன மாசம் பொரிகடலை கட்டி வந்த பத்திரிகைத் தாள். அரிசிக்கு ஊரே வரிசையில் நின்ற அறுபத்தாறாம் வருஷம் அது. எதை எங்கே விளைய வைக்கலாம் என்று தினமும் எவனாவது பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தான். சாமியப்பன் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"'மேல்நாட்டு விஞ்ஞானிகள் செடியின் வேரை அந்தரத்தில் தொங்கவிட்டு, உரம் கரைத்த நீரைப் பனி போல் தெளித்து, மண் இன்றியே தக்காளி விளைவிக்கிறார்கள். இதில் மிக மிக முக்கியமாகக் கவனிக்க வேண்டியது என்னவென்றால்...'"

"என்னவென்றால்?"

"அத்தோட கிழிஞ்சுபோச்சு."

"மீதி எங்கீங்க?"

"மீதியில வேற எவனோ கடலை வாங்கீட்டுப் போயிட்டான்."

மாரக்காள் அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "அந்த ரெண்டு ஏக்கரா உங்க பேருக்கு வந்தா என்னங்க பண்ணுவீங்க?"

"வித்துப்போட்டுப் புது மிசின் வாங்குவேன்."

"அது எங்கப்பன் எனக்குன்னு சொன்ன மண்ணுங்க."

"உனக்கென்ன, எனக்கென்ன? ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஆமாங்க. ஒண்ணுதானுங்க" என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பல்லடம் தாண்டும் வரை திரும்பவே இல்லை. சாமியப்பன் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவன் செய்த தப்புகளிலேயே பெரிய தப்பு அதுதான்.

மறுநாளே வேலை தொடங்கிவிட்டது. பனியன் கம்பெனிக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் பொடக்காணி. அங்கே நூல் வந்த மரப்பெட்டியைத் தூக்கி வைத்தான். மூடியில் ஆறு துளை. துளைக்கு ஒரு தக்காளி நாற்று. தண்டு விழாமல் இருக்கப் பனியன் வெட்டின துண்டுத்துணியைச் சுற்றி அடைத்தான். வேர் பெட்டிக்குள்ளே அந்தரத்தில் தொங்கியது. பெட்டிப் பக்கத்தில் ஒரு ஓட்டை. அதன் வழியாகக் கொசுமருந்து அடிக்கிற கைப்பம்பை விட்டு, கால்மணிக்கு ஒரு தடவை வேருக்குத் தண்ணீர் அடிக்க வேண்டும்.

"ராத்திரிக்குமுங்களா?" என்றாள் மாரக்காள்.

"பனி ராத்திரிதானே பெய்யுது?"

"பொறந்த புள்ளைக்கே ரெண்டு மணிக்கு ஒருக்காத்தானுங்க பால் குடுப்பாங்க."

"அது புள்ளை. இது விஞ்ஞானம்."

சாமியப்பன் பகலில் கம்பெனி பார்க்க வேண்டும், ராத்திரி தூங்க வேண்டும். மீதி நேரமெல்லாம் பம்பு அவன் பொறுப்பு. மாரக்காளின் வலது கை ஒரே மாதத்தில் இடது கையைவிட இரண்டு பங்கு ஆனது.

அதோடு விட்டானா? மண் என்ற பேரே பக்கத்தில் வரக்கூடாது என்று சட்டம் போட்டான். எவனும் நாளைக்கு, 'எங்கியோ துளி மண்ணு இருந்துச்சு' என்று சொல்லிவிடக் கூடாதே! பொடக்காணிக்குப் போகிறவர்கள் கால் கழுவிவிட்டுத்தான் போக வேண்டும். வந்த பிறகு கழுவினால் போதாதா என்று கேட்ட பக்கத்து வீட்டுக் குழந்தையம்மாளை அவன் உள்ளே விடவேயில்லை. ஒருநாள் சமையலறைக்குள் நுழைந்து அடுப்பைப் பார்த்தான்.

"இதென்ன புள்ளே?"

"கொழம்புங்க."

"கொழம்பு எதுல இருக்குது?"

"சட்டியிலைங்க."

"சட்டி எதுல பண்ணுனது?"

சாயங்காலம் மண்சட்டிகள் எல்லாம் சுவர் தாண்டிக் குழந்தையம்மாள் வீட்டுக்குப் போயின. அன்றிலிருந்து அந்த வீட்டில் புளிக்குழம்பு வெண்கலப் பாத்திரத்தில் கொதித்தது. அதன் ருசியை இங்கே எழுத வேண்டாம்.

ஆவணியில் முதல் ஈடு செடி வெள்ளையாகப் போனது. மஞ்சளில்லை, பழுப்பில்லை, வெள்ளை. இலை, தண்டு, வேர் எல்லாம் சலவைக்குப் போய் வந்த மாதிரி பளபளவென்று இருந்தன. குழந்தையம்மாள் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"ஏனுங்கண்ணா, செடிக்கும் வெளுப்புப் போட்டுட்டீங்களாக்கும்?"

போட்டுத்தான் இருந்தான். சுத்தமான தண்ணீர் என்றால் பனியன் வெளுக்கிற தொட்டித் தண்ணீரைவிடச் சுத்தம் ஏது? அதில் ஒரு புழு பூச்சி பிழைக்குமா? இப்படி யோசித்து அதைத்தான் குடம் குடமாகக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். பூச்சி பிழைக்கவில்லைதான்.

"சாணியக் கரைச்சுத் தெளிக்கலாமுங்களா?" என்றாள் மாரக்காள்.

"சாணி எங்க கெடக்குது? மண்ணுல!"

இரண்டாம் ஈட்டுக்குக் கடையில் வெள்ளை உரம் வாங்கினான். எவ்வளவு போடுவது என்பது கிழிந்துபோன பாதியில் இருந்தது. சாமியப்பன் அவன் மனசுக்குத் தோன்றியதைப் போட்டான். பெரிய மனசு. மூன்றாம் நாள் செடிகள் அப்பளம் பொரிந்த மாதிரி சுருண்டு நின்றன.

மூன்றாம் ஈடு பிழைத்தது. ஏன் பிழைத்தது என்று அவனுக்கும் தெரியாது, செடிக்கும் தெரியாது. ஒரு முழம் வளர்ந்தது. பூவும் பூத்தது. சாமியப்பன் கம்பெனியில் லட்டு கொடுத்தான். மறுநாள் பூ உதிர்ந்தது. மறுபடியும் பூத்தது, மறுபடியும் உதிர்ந்தது. அதற்குள் மார்கழி பாதி போய்விட்டது. பொங்கலூரில் பந்தக்கால் நடப் போகிறார்கள். செடியில் ஒரு மிளகு அளவுகூடக் காய் இல்லை.

"ஏனுங்க, தம்பியும் அருமைக்காரரும் வெள்ளிக்கெழமை வந்து பாக்கறாங்களாமா" என்றாள் மாரக்காள்.

சாமியப்பன் பம்பைக் கீழே போட்டான். "எவன் வரச் சொன்னான்?"

"நாந்தானுங்க. கல்யாணத்துக்கு முழுசா மூணு வாரங்கூட இல்லீங்களே."

"காய் எங்க இருக்குது புள்ளே, காட்டறதுக்கு?"

"வெள்ளிக்கெழமைக்கு இன்னும் மூணு நாளிருக்குதுங்க. உங்க விஞ்ஞானத்துக்கு மூணு நாள் பத்தாதுங்களா?"

அவள் முகத்தில் அப்படி ஒரு நம்பிக்கை. சாமியப்பன் கீழே போட்ட பம்பை மறுபடியும் எடுத்தான்.

"நான் வேணா வியாழக்கெழமை ஒரு நடை சிவன்மலைக்குப் போயிட்டு வந்தர்றனுங்க. முருகன் கண்ணைத் தொறந்தாத்தான் ஆகும். வெடிஞ்சதும் போனா பொழுதெறங்கித்தான் வருவேன். நீங்கதான் ஊட்டுல தனியா இருந்து பாத்துக்கோணும். சித்தெ சிரமந்தான்."

தனியா! சாமியப்பனின் மண்டைக்குள் ஒரு மிசின் கடகடவென்று ஓட ஆரம்பித்தது. சே, இது முன்னாடியே தோன்றவில்லையே. முருகன் அவள் மலையேறுவதற்கு முன்னாலேயே கண்ணைத் திறந்துவிட்டான்.

வியாழக்கிழமை. மாரக்காள் தெருமுனை திரும்பி அரைமணி ஆகவில்லை. சாமியப்பன் பையை எடுத்துக்கொண்டு, தெரிந்தவர் யாரும் இல்லாத சந்தை எந்த ஊரில் என்று யோசித்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். வந்தால் வாசலிலேயே ஒரு கூடை. கூடைக்குக் கீழே ஒரு கிழவி.

"தக்காளி வேணுமுங்களா சாமி?"

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி என்பார்கள். இது வாசலுக்கே வந்து, கூடையையும் இறக்கி வைத்தது. அதுவும் எப்படிப்பட்ட தக்காளி! ஒவ்வொன்றும் ஒரு விரல்கடை நீளக் காம்போடு இருந்தது. சிலதில் இலைகூட ஒட்டியிருந்தது.

"இதென்னம்மா, காம்போட பறிச்சிருக்கறே?"

"காம்பிருந்தாக் கட்டறதுக்கு வசதியுங்க" என்ற கிழவி, சட்டென்று வாயைத் துடைத்துக்கொண்டு, "வாடாம இருக்குமுங்க" என்றாள்.

"பேரென்ன?"

"பழனாயிங்க."

"எந்தூரு?"

"அக்கட்டாலைங்க."

அக்கட்டாலை என்றால் அந்தப் பக்கம்; அது எந்தத் திசையிலும் இருக்கலாம். சாமியப்பன் மேலே கேட்கவில்லை. திருடன் தேள்கொட்டுக்கு வைத்தியம் கேட்பானா? கூடையோடு வாங்கினான்.

"இத்தனை தக்காளி எதுக்குங்க சாமி? விசேசமுங்களா?"

"நாளைக்கு நாலு பேர் வாராங்க."

"நல்லபடியா நடக்குமுங்க" என்று வாழ்த்திவிட்டுக் கிழவி போனாள்.

கதவைத் தாழிட்டுக்கொண்டு சாமியப்பன் உட்கார்ந்தான். பனியன் தைக்கிற நூலை எடுத்து, இலைச்சாற்றில் தோய்த்துப் பச்சையாக்கினான். ஒவ்வொரு காம்பையும் செடிக்கிளையோடு சேர்த்துக் கட்டினான். கம்பெனி முடிச்சு. பனியன் கிழிந்தாலும் முடிச்சு அவிழாது. தூக்க முடியாமல் செடிகள் குனிந்தபோது மூங்கில் குச்சி கொடுத்து நிமிர்த்தினான்.

பதினாறு வருஷம் ஒரு தொழில் செய்தவன் கை சும்மா இருக்குமா? தரையில் பரப்பின தக்காளியை அது தானாகவே பனியன் சைஸாகப் பிரித்தது. சின்னது எண்பது. நடுத்தரம் எண்பத்தைந்து. பெரியது தொண்ணூறு. உச்சிக் கிளையில் எண்பது நாலு, நடுவில் எண்பத்தைந்து நாலு, அடியில் தொண்ணூறு நாலு. செடிக்குச் சரியாக ஒரு டஜன். ஆறு செடி, ஆறு டஜன். மிஞ்சின ஒன்றைச் செகண்ட்ஸ் என்று கழித்து வாயில் போட்டுக்கொண்டான். தள்ளி நின்று பார்த்தபோது அவனுக்கே கண் கலங்கியது. இதைவிட ஒழுங்காக உலகத்தில் எந்தத் தக்காளிச் செடி காய்த்திருக்கிறது?

பொழுது இறங்க மாரக்காள் திருநீற்றோடு வந்தாள். பொடக்காணியைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"முருகா! காத்தால ஒரு பிஞ்சுகூட இல்லீங்களே! இப்ப பழமே இருக்குது!"

"நீ மலைப்படி ஏறற நேரம் பாத்துச் சடசடன்னு காய்ச்சுது. நாங்கூடப் பயந்துட்டேன்."

"சத்தங்கூட வந்துச்சுங்களா?"

"லேசா."

அவள் நம்பிவிட்டாள். சாமியப்பனுக்கு அவள் மேல் ஒரு இரக்கமே வந்தது. பாவம், வெள்ளந்தி. புது மிசின் வந்ததும் அதற்கு அவள் பெயரையே வைத்துவிடலாம் என்று நினைத்தான்.

வெள்ளிக்கிழமை காலையில் அர்த்தநாரியும் அருமைக்காரரும் வந்தார்கள். கால் கழுவ வைத்து உள்ளே விட்டான் சாமியப்பன். அன்றைக்குப் பெரிய மனசு பண்ணிக் குழந்தையம்மாளையும் விட்டான். ஊருக்குச் சொல்ல ஒரு வாய் வேண்டுமே!

அர்த்தநாரி பெட்டிக்கு அடியில் பார்த்தான், பம்பு விடுகிற ஓட்டை வழியாக உள்ளே பார்த்தான். வேர்கள் அந்தரத்தில்தான் தொங்கின. பொட்டு மண் இல்லை. அப்புறம் நிமிர்ந்து காயைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"மச்சான், ஒவ்வொரு செடியிலும் பன்னெண்டுதானுங்களா?"

"ஆமா மாப்ளே."

"கூடக் கொறையக் காய்க்காதுங்களா?"

"மண்ணுலதான் தாறுமாறாக் காய்க்கும். இது விஞ்ஞானம்."

"மேல சின்னது, கீழ பெருசு..."

"அது கணக்கு."

அருமைக்காரர் மூக்கின் மேல் விரலை வைத்தார். குழந்தையம்மாளுக்கு அது போதவில்லை. "ஒண்ணு திங்கலாமுங்களாண்ணா?" என்று கேட்டுக்கொண்டே கையை நீட்டி ஒரு தொண்ணூறைப் பிடித்து இழுத்தாள். கம்பெனி முடிச்சு. தக்காளி வரவில்லை. செடிதான் வந்தது. செடியோடு மூடியும், மூடியோடு பெட்டியும் ஒரு அங்குலம் எழும்பின. சாமியப்பனின் உயிரும் அதே அளவு எழும்பியது.

மாரக்காள் பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள். "அய்யோ, தொட்ராதக்கா! கைச்சூடு பட்டா விஞ்ஞானம் செத்துப்போகும். எனக்கே அவரு பம்புல மட்டுந்தான் தொடச் சொல்லியிருக்கறாரு."

சாமியப்பன் மூச்சு விட்டான். கட்டினால் இப்படி ஒருத்தியைக் கட்ட வேண்டும். எதுவும் தெரியாமலே புருசனைக் காப்பாற்றுகிறாளே!

அர்த்தநாரி அக்காளைப் பார்த்தான். அக்காள் தம்பியைப் பார்த்தாள். அவன் துண்டை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டான். "நான் தோத்துட்டனுங்க மச்சான்."

இருபத்தாறு வயசுப் பயல், சாமியப்பனை ஊர்ப்பந்தியில் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்தவன், தோற்றேன் என்கிறான்! சாமியப்பனுக்கு நெஞ்சு நாற்பதிலிருந்து நாற்பத்திரண்டு இஞ்ச் ஆகிவிட்டது.

"ஏனுங்க," என்றாள் மாரக்காள் ரொம்ப மரியாதையாக, "அப்ப இனிமேலு உங்களுக்கு மண்ணே வேண்டியதில்லீங்களா?"

"எனக்கா? மண்ணா?" சாமியப்பன் சிரித்தான். "மண்ணு கையாலாகாதவனுக்கு வேணும். எனக்கெதுக்கு?"

"நம்ம அருமைக்காரரய்யாவுக்குக் காது சித்தெ மந்தமுங்க. இன்னொருக்காச் சத்தமாச் சொல்லுங்க."

சாமியப்பன் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னான்.

தை மாசம் கல்யாணம் களை கட்டியது. சாமியப்பன் பட்டுக்கரை வேட்டியோடு பொங்கலூர் வாசப்படியை மிதித்தான். ஒரு தடவை மிதித்துத் திருப்தி ஆகாமல், எதையோ மறந்துவிட்ட மாதிரி வெளியே போய் மறுபடியும் வந்து மிதித்தான். ஆடி மாசம் புரையேறின கிழவரைத் தேடிக் கண்டுபிடித்து, எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டான். "அந்தரத்துல வெளைய வெச்சாராமா, டஜன் டஜனா" என்று பந்தல் முழுக்க அவன் பேச்சுத்தான். குண்டடத்திலிருந்து வந்த ஒருவர், மண்ணில்லாமல் மஞ்சள் வருமா என்று யோசனை கேட்டார். வரும் என்றான்.

இணைச்சீருக்கு மாரக்காள் கூறைச்சேலையில் வந்து தம்பி பக்கத்தில் உட்கார்ந்தாள். நாவிதர் மங்கல வாழ்த்துச் சொல்லி முடித்தார். அர்த்தநாரி மடியிலிருந்து பத்திரத்தாளை எடுத்தான்.

"சபைக்குச் சொல்லிக்கறனுங்க. ஆடி நோம்பியன்னிக்குக் குடுத்த வாக்கு. கிணத்து மேடு ரெண்டு ஏக்கரா மச்சான் பேருக்கு எழுதறனுங்க."

சாமியப்பன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தான். காதுக்குள்ளே புது மிசின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"தம்பி, சித்தெ இரு" என்றாள் மாரக்காள்.

சபை திரும்பியது. சீரில் உட்கார்ந்தவள் பேசினால் அன்றைக்கு அவள் பேச்சுக்குத் தனி மரியாதை.

"உன்ற மச்சானைச் சபையில வெச்சு அவமானப்படுத்தறதுக்கா இந்தக் கல்யாணம்?"

அர்த்தநாரி விழித்தான். "நான் என்னக்கா பண்ணுனேன்?"

"மண்ணே இல்லாம வெளைய வெக்கற மனுசன் அவரு. அவருகிட்டப் போயி மண்ணை நீட்டறயே? நல்லா நடக்கறவன் கையில ஊணுகோலக் குடுத்தா அது மரியாதையா? அவரே சொன்னாரு, மண்ணு கையாலாகாதவங்களுக்குத்தான் வேணும்னு. என்னையாட்டம் ஒண்ணும் தெரியாத பொம்பளைக்கு எழுதுனாலும் ஒரு ஞாயம். அவருக்கு எழுதுனா ஊரு என்ன பேசும்?"

"ஞாயந்தானே" என்றது பந்தல். புரையேறின கிழவர் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சொன்னார்.

"ஆமாமா, என்ற காதுலயே கேட்டேன். ரெண்டு தடவை சொன்னாரு" என்றார் அருமைக்காரர். "இருந்தாலும் வாக்கு வாக்குத்தான். மாப்ளே, நீங்களே சபையில சொல்லிப்போடுங்க. உங்களுக்கு மண்ணு வேணுமா, வேண்டாமா?"

சாமியப்பன் வாயைத் திறந்தான். 'வேணும்' என்பது மூன்றெழுத்துத்தான். ஆனால் வேணும் என்றால் ஏன் வேணும் என்பார்கள். மண்ணில்லாமல் விளையவில்லை என்று சொல்ல வேண்டும். அப்படியானால் வெள்ளிக்கிழமை பார்த்த ஆறு டஜன் எங்கிருந்து வந்தது என்பார்கள். திறந்த வாயை மூடவும் முடியாமல் அவன் மனைவியைப் பார்த்தான்.

மாரக்காள் சீருக்கு உட்கார்ந்தவள் இருக்க வேண்டிய மாதிரி தலைகுனிந்து அடக்கமாக இருந்தாள். உதடு மட்டும் லேசாக அசைந்தது. அது அவனுக்கு மட்டுமே கேட்டது.

"வேணும்னா வேணும்னு சொல்லிப்போடுங்க. ஒண்ணும் அவசரமில்லீங்க. பழனாயி இந்தத் தோட்டத்துலதான் இருபது வருசமா வேலை செய்யறா. நீங்கதான் பந்தியத் தாண்டித் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பாத்ததே இல்லீங்களே. இப்பப் பந்தியில மோர் ஊத்தீட்டு இருக்கறா, கூப்பிட்டா வருவா."

சாமியப்பன் பந்திப் பக்கம் பார்த்தான். மோர்க் குண்டாவோடு நின்ற கிழவி அவனைப் பார்த்து ரொம்பப் பணிவாகக் கும்பிட்டாள்.

"எனக்கெதுக்குங்க மண்ணு?" என்றான் சாமியப்பன்.